மூலநிரல் பொது, மடைச்சாவி யாரிடம்?

வத்திராயிருப்புக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிளவக்கல் அணை என்பது ஊர் வழக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அணை நிறையும். எத்தனை அடி நிற்கிறது என்பது மறுநாள் பேப்பரில் வந்துவிடும். தண்ணீர் இருப்பதில் ரகசியம் ஏதுமில்லை. ஆனாலும் ஆயக்கட்டு விவசாயியின் கேள்வி அத்தோடு முடிவதில்லை. ஷட்டரை எப்போது திறப்பார்கள், எத்தனை நாளைக்கு விடுவார்கள், முதல் தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு, கடைமடைக்கு வந்து சேருமா என்று கேட்டுக்கொண்டேயிருப்பார். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரும் வயலுக்கு வருகிற தண்ணீரும் ஒன்றல்ல என்பது அவர் பட்டு அறிந்தது. கணினி உலகத்தில் திறந்த மூல மென்பொருளைப் பற்றி நடந்துகொண்டிருக்கும் சண்டை ஏறத்தாழ இதே சண்டைதான்.

மென்பொருளை மனிதர்கள் படிக்கும்படி எழுதுகிறார்கள். அதற்கு மூலநிரல் என்று பெயர். அதைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றித்தான் நம் கையில் தருவது வழக்கம். மூலநிரலைப் பூட்டி வைத்துவிட்டு எண்களை மட்டும் விற்பது ஒரு வகை வியாபாரம். மூலநிரலையும் சேர்த்தே கொடுத்து, படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம் என்று உரிமம் எழுதிக் கொடுப்பது இன்னொரு மரபு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸும் அந்த மரபின் இரண்டு தூண்கள். இன்று நம் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் லினக்ஸ் இருக்கிறது. இணையத்தளங்களைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. ஆனால் இன்று இந்தப் பொதுச்சொத்தில் அதிகம் வேலை செய்வது தன்னார்வலர்கள் அல்ல. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலுக்கு வரும் பங்களிப்பில் எண்பது விழுக்காட்டுக்கு மேல், இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களிடமிருந்து வருகிறது என்று லினக்ஸ் ஃபவுண்டேஷனின் அறிக்கைகளே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றன. பொதுச்சொத்தின் பிடி நிறுவனங்களிடம் போகிறதோ என்று இதனால் எழுந்த சந்தேகத்தைப் பழமைவாதம், புதியதைக் கண்டு மிரளும் குணம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்தச் சந்தேகம் இல்லாமல் இந்தப் பொதுச்சொத்து நிலைக்காது என்பது என் கட்சி. அதற்கு ஆதாரம் தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டுக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலம், 2006 முதல் 2008 வரை. அரசு ஆயிரக்கணக்கில் கணினி வாங்குகிறது, ஒவ்வொன்றிலும் மைக்ரோசாஃப்டுக்கு ஏன் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று அவர் கேட்டார். எல்காட் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்குப் போன கணினிகளிலும் லினக்ஸ் ஏறியது. அரசு நிறுவனங்கள் எளிதில் எடுக்காத துணிச்சல் அது. அவர்கள் தேர்ந்தெடுத்தது சூசே லினக்ஸ். அப்போது சூசேயின் சொந்தக்காரர் நாவெல் என்ற அமெரிக்க நிறுவனம். 2006 நவம்பரில் அதே நாவெல், மைக்ரோசாஃப்டுடன் காப்புரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. 24 கோடி டாலருக்கு சூசேயின் சேவைக் கூப்பன்களை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. எந்த நிறுவனத்தின் பிடியிலிருந்து வெளியேற சென்னையில் முயன்றார்களோ, அதே நிறுவனத்துடன் மறுபக்கத்தில் கைகுலுக்கல் முடிந்திருந்தது. அதோடு போகவில்லை. 2011-ல் நாவெலை அட்டாச்மேட் வாங்கியது. 2014-ல் அது மைக்ரோ ஃபோகஸிடம் போனது. 2019-ல் சூசே மட்டும் தனியாக ஸ்வீடனின் ஈக்யூடி என்ற முதலீட்டு நிறுவனத்திடம் விற்கப்பட்டது. எட்டு ஆண்டுகளில் மூன்று முறை கைமாற்றம். இதில் எந்த ஒன்றிலும் தமிழ்நாட்டுப் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ ஒரு வார்த்தை சொல்ல வாய்ப்பு இல்லை. உமாசங்கரின் முடிவு தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வேறொரு லினக்ஸுக்கு நகரும் வழி நமக்கு இருந்தது. ஆனால் உரிமம் திறந்திருப்பதையும், அதை நடத்துகிறவர் யார் என்பதையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் ஏமாந்து போவோம்.

நகர்ந்த இடம் பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-ல் வெளியிட்ட இந்திய இயங்குதளம் அது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே மாணவர் கைக்குப் போனது. இப்படி இரண்டு இயங்குதளம் உள்ள மடிக்கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் சில வரிகள் வந்து நிற்கும். அம்புக்குறிச் சாவியால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில விநாடிக்குள் எதையும் தொடாவிட்டால், ஏற்கெனவே குறித்து வைத்த ஒன்று தானாகத் திறந்துகொள்ளும். எது தானாகத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் கையில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. மாணவருக்கு விட்டு வைத்திருப்பது சில விநாடிகள். ஊரில் மடிக்கணினி பழுது பார்க்கிற கடைக்காரர், டைப்பிங் வகுப்பு நடத்துகிறவர், கல்லூரி ஆய்வகத்தின் உதவியாளர் என்று எல்லாருக்கும் பழகியது விண்டோஸ்தான் என்கிறபோது, பாஸ் அந்தத் திரையில் ஒரு வரியாகவே நின்றுவிடும்.

பாஸ் தானாக முளைத்த செடியும் அல்ல. டெபியன் என்கிற, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸின் மேல் ஒட்டுப்போட்டது அது. எனவே டெபியனில் எடுக்கும் முடிவு இங்கேயும் வந்து சேரும். கணினி உயிர்பெற்றதும் முதலில் ஓடத் தொடங்கி மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிற நிரல் ஒன்று உண்டு. அதற்குப் புதிய வடிவமாக, ரெட் ஹேட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் 2010-ல் சிஸ்டம்டி என்ற ஒன்றை எழுதினார்கள். டெபியன் அதை ஏற்பதா என்று 2014 பிப்ரவரியில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு வாக்கெடுத்தது. நாலுக்கு நாலு. தலைவரின் தீர்மான வாக்கில் சிஸ்டம்டி வென்றது. எதிர்த்தவர்களில் ஒரு சாரார் பிரிந்துபோய் டெவுவான் என்று தனிக்கிளை தொடங்கினார்கள். இந்தச் சண்டையில் எதிர்ப்பாளர்கள் சொன்ன எல்லாம் பலிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சிஸ்டம்டியால் லினக்ஸ் இடிந்து விழவில்லை. கணினிகள் வேகமாக எழுந்தன, சேவைகளை நிர்வகிப்பது பலருக்கு எளிதானது. ஆனால் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் எழுதிய பாகம் நடுவில் உட்கார்ந்துவிட்டால், அதைச் சார்ந்து மற்ற பாகங்கள் வளர்ந்து, பிறகு பிடுங்க முடியாமல் போகும் என்று அவர்கள் எச்சரித்தார்கள் அல்லவா? அது அப்படியே நடந்தது. புதுமையின் தரத்தைப் பற்றிய சந்தேகம் தவறிப்போகலாம். அதன் சார்பைப் பற்றிய சந்தேகம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கேள்வி கேட்பவன் முன்னேற்றத்துக்கு எதிரி என்று முத்திரை குத்துவதுதான் தப்பு.

அந்த இரண்டாவது சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டுமானால் சென்ட்ஓஎஸ் கதையைப் பார்க்கலாம். ரெட் ஹேட் காசுக்கு விற்ற லினக்ஸை, அதன் மூலநிரலிலிருந்தே மறுபடி கட்டி இலவசமாகத் தந்தது சென்ட்ஓஎஸ். கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் அதை நம்பி சர்வர் வைத்திருந்தன. 2014-ல் அந்தத் திட்டத்தையே ரெட் ஹேட் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2019-ல் ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு ஐபிஎம் வாங்கியது. 2029 வரை பராமரிப்பு என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஏழு ஆண்டுக்கு மேலான பராமரிப்பு ஒரே அறிவிப்பில் போயிற்று. 2023-ல் தன் லினக்ஸின் முழு மூலநிரலையும் வாடிக்கையாளருக்கு மட்டும் தருவதாக ரெட் ஹேட் வழியை மேலும் குறுக்கியது. அதே ஆண்டு ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்ம் என்ற தன் கருவியின் திறந்த உரிமத்தைக் கட்டுப்பாடுள்ள உரிமமாக மாற்றியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உரிமமும் அப்படியே மாறியது. உரிமத்தை இப்படி மாற்ற ஒரு நிறுவனத்தால் எப்படி முடிகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. பல திட்டங்களில், நிரல் எழுதித் தருகிறவர் முதலில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அவர் உழைப்பை நிறுவனம் எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்ற அதிகாரத்தை அது கொடுத்துவிடுகிறது. வேறு சில திட்டங்களில், எதையும் செய்துகொள்ளலாம் என்கிற தளர்வான உரிமமே அந்த வேலையைப் பார்த்துவிடும். லினக்ஸ் கருநிரலில் இரண்டும் கிடையாது. அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர் பெயரில் சிதறிக் கிடக்கிறது. யாரும் தனியாக அதன் உரிமத்தை மாற்ற முடியாது. கூட்டுப்பட்டா நிலத்தை ஒரு பங்காளி மட்டும் கிரயம் பண்ண முடியாதது மாதிரி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நிறுவனப் பணம் இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் பராமரிப்பது? 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, உலகத்து வங்கி, கடை, மின்னஞ்சல் எனப் பலவற்றின் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. அதன் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி போட்டன. 2024-ல் எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கு மென்பொருளில் யாரோ ஒருவர் பின்கதவு வைத்திருந்தது பிடிபட்டது. அதைத் தனியாளாகச் சுமந்து களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம், ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார். கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப்போய் அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். நிறுவனத்துக்குள்ளும் நேர்மையான உழைப்பாளிகள் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தமிழுக்கும் அந்தக் கடன் இருக்கிறது. லினக்ஸில் தமிழ் ஒழுங்காகத் தெரிய உதவிய லோஹித் எழுத்துரு ரெட் ஹேட் கொடுத்தது. நோட்டோ தமிழ் எழுத்துரு கூகுள் கொடுத்தது. இரண்டும் திறந்த உரிமத்தில் வந்தவை. அந்த நிறுவனங்கள் நாளை மனம் மாறினாலும் இந்த எழுத்துருக்களைத் திரும்ப வாங்க முடியாது. நான் கேட்பதும் இதைத்தான்: பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதற்கு ஈடாகச் சாவியைக் கொடுக்கக் கூடாது.

சாவியே போனாலும் பரவாயில்லை, பழைய மூலநிரலை எடுத்துத் தனிக்கிளை தொடங்கலாமே என்பது அடுத்த மறுப்பு. ரெடிஸ் மாறியதும் சில நாளிலேயே வால்கீ பிறந்தது. டெராஃபார்முக்கு மாற்றாக ஓப்பன்டோஃபு வந்தது. வால்கீயின் போட்டியைப் பார்த்த ரெடிஸ், 2025 மேயில் மறுபடி ஒரு திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. உண்மைதான், உரிமை வேலை செய்கிறது. ஆனால் வால்கீக்குத் தோள் கொடுத்தவர்கள் அமேசானும் கூகுளும் ஆரக்கிளும். ஒரு மடையைவிட்டு இன்னொரு மடைக்குப் போனோம். ஊர் கைக்கு அது வரவில்லை. நம் பக்கத்துக் கண்மாய்களின் வரலாறு இதை நன்றாகவே விளக்கும். ஆயக்கட்டுக்காரர்கள் குடிமராமத்தாக வரத்துக்கால் வெட்டினார்கள், கரையை உயர்த்தினார்கள், கலுங்கைச் சரிபார்த்தார்கள். மடைக்குடும்பன் என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் அழைக்கப்பட்டவர் மடை திறந்தார். அவரிடம் கணக்குக் கேட்க ஊருக்கு வாய் இருந்தது. அந்த ஏற்பாட்டில் சாதியும் மேல்கீழும் இருந்ததை மறைக்க வேண்டாம். அதைப் பொற்காலம் ஆக்குவது என் நோக்கமில்லை. வேலை செய்த கைக்குத்தான் கேள்வி கேட்கும் பலம் இருந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தனிக்கிளை தொடங்கும் உரிமையும் அப்படித்தான். அதைப் பராமரிக்க ஆள் இல்லாத ஊருக்கு அது காகிதத்தில் எழுதிய உரிமை.

உள்நாட்டு நிறுவனம் என்றால் இந்தக் கவலை வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே தென்காசி மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் அலுவலகம் இருக்கிறது. சிற்றூரில் இருந்தபடியே உலகத்துக்கு மென்பொருள் செய்ய முடியும் என்று காட்டியது பெரிய சாதனை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் இப்போது ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. ஆனால் அதன் மூலநிரல் பொதுவில் இல்லை. சுதேசி என்பது சொந்தக்காரர் எந்த ஊர் என்று சொல்லும். மடை யார் பேச்சைக் கேட்கும் என்று சொல்லாது. சென்னை ஐஐடியில் வளர்க்கப்பட்டு 2023-ல் அறிமுகமான பார்ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளத்தின் அடிப்படை, ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல். அந்த ஆண்ட்ராய்டின் வேலையை இனி முழுக்கத் தனக்குள்ளேயே செய்து, வெளியீட்டுக்குப் பின்பு மட்டும் மூலநிரலைத் தருவதாக 2025 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. நிரல் இன்றும் திறந்ததுதான். எழுதும்போது எட்டிப் பார்க்கவும், இப்படி வேண்டாம் என்று சொல்லவும் இருந்த இடம்தான் போய்விட்டது.

செயற்கை நுண்ணறிவில் இந்தக் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது, ஏனென்றால் அங்கே 'திறந்த' என்ற சொல்லே கைமாறிவிட்டது. மெட்டா 2023-ல் வெளியிட்ட லாமா 2 என்ற மொழி மாதிரியைத் திறந்த மூலம் என்றே விளம்பரப்படுத்தினார்கள். உரிமத்தைப் படித்தால், மாதம் 70 கோடிப் பயனாளர்களுக்கு மேல் உள்ளவர் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றும், இன்னின்னதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் நிபந்தனைகள். எந்த நூல்களை, எந்தத் தளங்களை ஊட்டி அதை வளர்த்தார்கள் என்ற பட்டியல் தரப்படவில்லை. அதன் மேல் தமிழைச் சேர்த்துத் தமிழ் லாமா என்று ஒன்று உருவானது. நல்ல முயற்சி, ஆனால் அஸ்திவாரத்தின் சாவி மெட்டாவிடம். தமிழ் விக்கிமூலத்துக்காக நாட்டுடைமை நூல்களின் பக்கங்களை எழுத்தாக மாற்ற, கணியம் மின்னிதழின் த. சீனிவாசன் எழுதிய நிரல் திறந்தது. ஆனால் படத்திலிருந்து எழுத்தைப் படித்துச் சொன்னது கூகுளின் மூடிய சேவை. வேறு வழி அப்போது தரத்தில் எட்டவில்லை. பல்லாயிரம் பக்கத் தமிழ் வெளியே வந்தது என்ற மகிழ்ச்சியோடு, அந்தச் சேவை நாளை நின்றால் என்ன செய்வோம் என்ற கவலையும் இருக்கத்தான் வேண்டும்.

இப்போது கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி தரும் திட்டம் நடக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். விண்டோஸ் 11 இருக்கிறது, பாஸ் லினக்ஸும் இருக்கிறது, பெர்ப்ளெக்ஸிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவைக்கு ஆறு மாதச் சந்தாவும் சேர்ந்து வருகிறது. ஏழாவது மாதம் என்ன என்று கேட்கும் மாணவரை நன்றி கெட்டவர் என்று சொல்லிவிடக் கூடாது. கேரளத்தில் அரசு இதை வேறு மாதிரி செய்தது. பள்ளி ஆசிரியர்களுக்கு லினக்ஸில் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தையே அதற்கேற்ப எழுதினார்கள். 2019-ல் இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் தங்கள் சொந்த லினக்ஸ் தொகுப்பை ஏற்றியபோது, உரிமச் செலவில் மிச்சம் 3,000 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னார்கள். வித்தியாசம் மென்பொருளில் இல்லை, ஆசிரியர்களிடம் இருக்கிறது.

கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன; ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறார்கள். அதில் ஒரு பங்கையாவது தமிழ் எழுத்துரு, தமிழ்ச் சொல்திருத்தி, தமிழ் எழுத்துணரி, பாஸ் லினக்ஸ் ஆகியவற்றில் நிலுவையில் கிடக்கும் பிழைகளைத் திருத்துவதற்கு ஒதுக்குங்கள் என்று துறைத்தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களுக்கு ஒரு சொல்: எந்த மென்பொருளிலும் திறந்த மூலம் என்ற பலகையைப் பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். உரிமத்தை மாற்றும் அதிகாரம் யார் பெயரில் இருக்கிறது, நாளை அந்த நிறுவனம் கைவிட்டால் பராமரிக்கத் தெரிந்தவர் நம் ஊரில் எத்தனை பேர் என்ற இரண்டையும் விசாரித்துவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள்.